கண்ணசைவால் இயங்கும் கணினியை வீட்டில் அமைப்பது எப்படி: பாதுகாப்புக்கும் துல்லியத்துக்குமான வழிகாட்டி

மோட்டார் நியூரான் நோயால் கைகளும் குரலும் செயலிழந்த ஒருவருக்கு, திரையிலுள்ள எழுத்துகளைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுத்துப் பேச உதவும் கணினியை வீட்டில் அமைத்துத் தர விரும்பும் குடும்பத்தினருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்காக இதைச் செய்தபோது எங்களை அதிகம் அலைக்கழித்தவை கருவியின் கையேட்டில் இல்லாத விஷயங்கள்தாம். கருவி சரியாகவே வேலை செய்தது. தலையணையின் உயரம், மேற்கு ஜன்னலின் வெயில், வறண்ட கண், மூக்குக்கண்ணாடி ஆகியவைதான் அதை ஏமாற்றிக்கொண்டிருந்தன. முதுகுத்தண்டு காயம், மூளைத்தண்டுப் பக்கவாதம், பெருமூளை வாதம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டாருக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐ டிராக்கர் என்பது திரையின் அடிவிளிம்பில் பொருத்தப்படும் மெல்லிய பட்டை. அதிலுள்ள சிறு எல்.இ.டி. விளக்குகள், நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மீது வீசுகின்றன; அது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் ஈரமான மேற்பரப்பில் ஒரு புள்ளியாக மினுக்குகிறது. கேமரா அந்த மினுக்கத்தையும் கண்பாவையின் மையத்தையும் நொடிக்குப் பல முறை படமெடுத்து, இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கொண்டு, பார்வை திரையில் விழும் இடத்தைக் கணக்கிடுகிறது. எனவே மினுக்கத்தையோ கண்பாவையையோ கேமராவிடமிருந்து மறைக்கும் எதுவும், அல்லது போலி மினுக்கம் ஒன்றை உண்டாக்கும் எதுவும், துல்லியத்தைக் கெடுக்கும்.

1. கருவி தேடுவதற்கு முன் மருத்துவர்களைப் பாருங்கள்

கண் மருத்துவர்கள் எல்லாரும் இந்தக் கருவியைப் பார்த்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். தூங்கும்போது இமை முழுமையாக மூடுகிறதா, கண் வறண்டிருக்கிறதா, கண்புரை இருக்கிறதா அல்லது அறுவை சிகிச்சையில் செயற்கை லென்ஸ் வைக்கப்பட்டிருக்கிறதா, மாறுகண் அல்லது தானாக ஆடும் கண் உண்டா, இமை தொங்கிக் கண்பாவையை மறைக்கிறதா என்பவை முக்கியமான கேள்விகள். செயற்கை லென்ஸ் இருப்பது தடை அல்ல. ஆனால் அது கூடுதல் பிரதிபலிப்பைத் தரலாம் என்பதால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. மாறுகண் இருந்தால், ஒரு கண்ணை மட்டும் பின்தொடரும் வசதியுள்ள கருவியாகத் தேட வேண்டும்.

மூக்குக்கண்ணாடியைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். மேலே தூரப்பார்வைக்கும் கீழே படிப்பதற்குமாகப் பிரிந்த பைஃபோகல் கண்ணாடியும், கோடு தெரியாமல் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடியும் இந்த வேலைக்குத் தொல்லை தருபவை. கேமரா கண்ணை லென்ஸின் ஒரு பகுதி வழியாகவும், திரையின் மேல் வரிசையை அவர் வேறொரு பகுதி வழியாகவும் பார்க்க நேர்கிறது. சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான் என்பது என் கருத்து.

நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் உண்டு. மோட்டார் நியூரான் நோயில் கண்ணசைவு பொதுவாக நெடுங்காலம் தங்கியிருக்கும் என்றாலும், நீண்ட காலம் வென்டிலேட்டரில் இருக்கும் சிலருக்கு அதுவும் மெதுவாகலாம். புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்னும் நோயிலோ மேலும் கீழும் பார்க்கும் திறனே குன்றிவிடும். உங்கள் வீட்டு நோயாளியின் கண் எல்லாத் திசையிலும் நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, வலிப்பு வந்த வரலாறு இருந்தால், குறிப்பாக மின்னும் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு என்றால், மருத்துவரின் அனுமதியின்றி கருவியைச் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம். இருவரிடமிருந்தும் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் அது கைகொடுக்கும்.

2. பணம் செலவழிக்காமல் சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனைக்குக் கணினியே தேவையில்லை. ஏ3 அளவில், ஊடே பார்க்கக்கூடிய ஓர் அக்ரிலிக் தகட்டை வாங்கி, நடுவில் முகம் தெரியும்படி ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, சுற்றிலும் எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாக ஒட்டுங்கள். நீங்கள் எதிரில் அமர்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் எந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார் என்பதைப் படிக்க வேண்டும். இதற்கு ஈ-டிரான் பலகை என்று பெயர். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பலகையில் களைப்பின்றிச் சில சொற்களைச் சொல்ல முடிந்தவருக்குக் கருவியும் பெரும்பாலும் பயன்படும். கருவி வந்த பிறகும் இந்தப் பலகையை எடுத்து வைத்துவிடக் கூடாது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, கையிலிருக்கும் தொலைபேசி. ஐஓஎஸ் 18 வெளியானதிலிருந்து ஐபோன் 12 முதலான ஐபோன்களிலும் புதிய ஐபேட்களிலும் முன்கேமராவைக் கொண்டே பார்வையைப் பின்தொடரும் வசதி உள்ளது. ஆண்ட்ராய்டில் கூகுளின் லுக் டு ஸ்பீக் செயலி இடம், வலம், மேல் என்னும் மூன்று திசைப் பார்வையை வைத்துச் சொற்றொடர்களைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. இவற்றின் துல்லியம் தனிக் கருவிக்கு ஈடாகாது. பெரிய நான்கைந்து பொத்தான்களுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அவருக்கு இந்த முறையில் விருப்பம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சென்னையில் இருப்பவர்கள், கோட்டூர்புரத்தில் உள்ள வித்யா சாகர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், காமராஜர் சாலையில் 2022இல் திறக்கப்பட்ட மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் ஆகிய இடங்களில் மாற்றுத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஆலோசனை கேட்கலாம். எந்தக் கருவி அங்கே இப்போது இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். நோயாளியை வண்டியில் ஏற்றி இறக்குவது எளிதான காரியம் அல்ல.

விற்பனையாளரிடம் பேசும்போது, வீட்டுக்கே வந்து, நோயாளி வழக்கமாகப் படுத்திருக்கும் இடத்தில், அவர் களைத்திருக்கும் மாலை நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். கடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஊழியரின் கண்ணில் எந்தக் கருவியும் நன்றாகவே வேலை செய்யும்.

3. எந்த வகை, என்ன விலை

மூன்று படிகள் உண்டு. விளையாட்டுக்காக விற்கப்படும் ஐ டிராக்கர்கள் சில பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே செய்யப்பட்டு, நம் கணினியோடு இணைக்கும் பட்டை வகைக் கருவிகள் லட்சத்தைத் தாண்டும். திரை, ஒலிபெருக்கி, மென்பொருள் அனைத்தும் சேர்ந்த முழுமையான பேச்சுக் கருவிகள் பல லட்சம் ஆகும். விலை வித்தியாசம் வெறும் பெயருக்கானது அல்ல. தலை சாய்ந்தாலும், இமை பாதி மூடினாலும், ஒரு கண் மட்டுமே தெரிந்தாலும் விடாமல் பின்தொடர்வது விலையுயர்ந்த கருவிகளின் தனித்திறன். விளையாட்டுக் கருவியை இந்தப் பயன்பாட்டுக்கு நிறுவனமே பரிந்துரைக்காமல் இருக்கலாம். உரிம விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மென்பொருளில், ஆப்டிகீ என்பது விண்டோஸில் இயங்கும் இலவசமான, திறந்த மூல நிரல். விண்டோஸிலேயே 2017 முதல் கண்ணால் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. இரண்டுக்குமே ஆதரவுள்ள கருவிகளின் பட்டியல் தனித்தனியாக உண்டு. பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த மாடலுக்கு இன்னும் டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரல்) வெளியாகிறதா என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது திரையைத் தாங்கும் ஸ்டாண்டை. படுக்கைக்கு மேல் நீளும் உறுதியான தரை ஸ்டாண்டின் விலை, மலிவான டிராக்கரின் விலையையே எட்டிவிடும். யு.பி.எஸ்., ஒற்றைப் பார்வைக் கண்ணாடி, கனமான திரைச்சீலை ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

4. பாதுகாப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்

அகச்சிவப்பு ஒளி கண்ணைக் கெடுக்குமா என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கூசும் வெளிச்சம் பட்டால் நாம் கண் சிமிட்டுகிறோம், முகத்தைத் திருப்புகிறோம். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் அந்த இயல்பான தற்காப்பு வேலை செய்வதில்லை. அதோடு, நம் வீட்டு நோயாளி தலையைத் திருப்ப முடியாதவர். நாள்தோறும் பல மணி நேரம் அந்த ஒளியின் எதிரில் இருக்கப் போகிறவர். சில நிமிடம் விளையாடும் இளைஞருக்குப் பொருந்தும் உத்தரவாதம் இவருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதற்கான அளவுகோல் ஐ.இ.சி. 62471 என்னும் பன்னாட்டுத் தரம். இந்தியத் தரநிலையில் இதற்கு ஐ.எஸ். 16108 என்று எண். இது விளக்குகளை நான்காகப் பிரிக்கிறது: ஆபத்தற்றவை என விலக்கு பெற்றவை, பிறகு முதல், இரண்டாம், மூன்றாம் ஆபத்துப் பிரிவுகள். நீங்கள் வாங்கும் கருவி விலக்குப் பிரிவில் இருக்க வேண்டும். 1000 நொடிக்கு மேல் நீளும் பார்வைக்கு, கார்னியாவில் விழும் அகச்சிவப்பு ஒளி சதுர மீட்டருக்கு 100 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. விற்பனையாளரிடம் சோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு, அது எந்தத் தூரத்தில் அளக்கப்பட்டது, முகம் அதைவிட நெருங்கலாமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சி.இ. என்னும் ஐரோப்பிய முத்திரை இருக்கிறதே என்று மழுப்பினால் விடாதீர்கள். முத்திரை வேறு, அறிக்கை வேறு.

செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கருவி சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்காக, கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கப்படும் அகச்சிவப்பு விளக்கை முகத்தருகே வைக்காதீர்கள். அவை தொலைவில் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை. இரண்டு டிராக்கர்களை ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். கண்ணில் விழும் ஒளி கூடுவதோடு, இரண்டின் மினுக்கங்களும் ஒன்றையொன்று குழப்பும். மடிக்கணினியில் முகம் பார்த்துத் திறக்கும் கேமரா இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்; அதுவும் அகச்சிவப்பு ஒளியையே பயன்படுத்துகிறது.

இதய பேஸ்மேக்கர் பொருத்தியவர் என்றால், கருவியிலோ ஸ்டாண்டிலோ காந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். மற்ற மருத்துவக் கருவிகள் சிலவும் அகச்சிவப்பு ஒளியால் தடுமாறக் கூடும் என்பதால், வென்டிலேட்டர், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஆகியவற்றின் அளவீடுகளை டிராக்கரை இயக்கும் முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. அடையாள அட்டை, சுங்கம், வரி

மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டை இன்னும் இல்லையென்றால், கருவி தேடத் தொடங்கும் நாளிலேயே ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, மருத்துவ அறிக்கைகள் ஆகியவை தேவை. 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மருத்துவக் குழு சான்றளிக்க மூன்று மாதம் வரை ஆகலாம். படுத்த படுக்கையில் இருப்பவரை அழைத்துச் செல்ல முடியாது என்றால், நரம்பியல் மருத்துவரின் கடிதத்தை இணைத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கோரிக்கை வைத்து, அதன் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், கூரியர் நிறுவனம் ஆதார், பான் அட்டை நகல்களைக் கேட்கும். பொருளின் விவரம், அதன் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண், விலை ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட விலைப்பட்டியலை விற்பனையாளரிடம் முன்கூட்டியே வாங்கி, சுங்க வரி, ஜி.எஸ்.டி. எவ்வளவு வரும் என்பதை ஒரு சுங்க முகவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு ஆர்டர் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகள் சிலவற்றுக்கு வரிச்சலுகை உண்டு. உங்கள் கருவி அந்தப் பட்டியலில் அடங்குமா என்பதை, பொருள் துறைமுகத்தில் நிற்கும்போது விசாரிப்பதில் பயனில்லை. பழுதானால் எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த அஞ்சல் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு கோரலாம். புதிய முறையில் இது கிடையாது.

6. திரையை முகத்துக்கு ஏற்பப் பொருத்துங்கள்

முகத்தைத் திரைக்கு ஏற்பத் திருப்பாதீர்கள்; திரையை முகத்துக்கு ஏற்பத் திருப்புங்கள். அவர் 30 பாகை சாய்ந்து படுத்திருந்தால் திரையும் அதே அளவு சாய்ந்து, முகத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே சுமார் 60 சென்டிமீட்டர், அல்லது கையேடு சொல்லும் தூரம். தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பவர் என்றால் திரையையும் அதே பக்கம் சாய்க்கலாம்.

பஞ்சுத் தலையணையில் தலை சிறிது சிறிதாக அமிழ்ந்துவிடும். காலையில் சரியாக இருந்த கருவி பத்து மணிக்குத் தவறத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இருபுறமும் தாங்கும் கெட்டியான தலையணைக்கு மாறுங்கள். ஸ்டாண்டின் சக்கரங்கள் நிற்கும் இடத்தையும் கட்டிலின் கால்களையும் தரையில் வண்ண டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், குளிப்பாட்டித் துடைத்த பிறகு உதவியாளர் யாராக இருந்தாலும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

திரை முகத்துக்கு நேர் மேலே தொங்குவது ஆபத்து. ஸ்டாண்டின் கை பக்கவாட்டிலிருந்து வரட்டும். திரையின் எடையை அது தாங்குமா என்று பாருங்கள். திருகுகள் தளர்ந்தாலும் திரை விழாதபடி ஒரு பாதுகாப்பு வாரையும் கட்டுங்கள். சுவாசக் குழாயையோ உணவுக் குழாயையோ ஸ்டாண்டோ வயரோ இழுக்கக் கூடாது. சளி உறிஞ்ச வேண்டிய அவசரத்தில் ஒரே தள்ளலில் திரை விலக வேண்டும். இதை வீட்டிலுள்ள அனைவரையும் ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். வென்டிலேட்டர் செருகியிருக்கும் பிளக் பெட்டியில் கணினியைச் செருகவே கூடாது.

7. வெளிச்சத்தைச் சீராக்குங்கள்

சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளமாக இருக்கிறது. ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் விழும் நேரத்தில் டிராக்கரின் சிறு மினுக்கம் அதில் மூழ்கிவிடும். பழைய குண்டு பல்புகளும் ஹாலோஜன் விளக்குகளும் இதே தொல்லையைத் தருகின்றன, எல்.இ.டி. டியூப் லைட்டால் பெரிய பாதிப்பு இல்லை. மெல்லிய திரைச்சீலை போதாது, வெயில் ஊடுருவாத கனமான துணி வேண்டும்.

வெயிலைத் தடுத்த பிறகும் இன்னொரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்பாவை விரிந்து சுருங்கும்போது அதன் மையமும் சற்று நகர்கிறது. கருவியோ பார்வைதான் நகர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறது. பளிச்சென்ற பகல் அறையில் அளவுத்திருத்தம் (அவருடைய கண்ணைக் கருவிக்குப் பழக்கும் வேலை; அடுத்த பகுதியில் விளக்குகிறேன்) செய்துவிட்டு இரவில் இருட்டறையில் பயன்படுத்தினால் திரையில் பார்வையைக் காட்டும் குறி விலகுவது இதனால்தான். திரையின் பின்னணியை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றினால்கூட இது நிகழலாம். அறை வெளிச்சத்தையும் திரையின் நிறத்தையும் ஒரே மாதிரி வைத்திருங்கள். முடியாதென்றால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிவுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் மை இட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். கரிய மைக்கோட்டைக் கண்பாவை என்று கருவி நினைக்கலாம். கல் பதித்த மூக்குத்தி, பளபளப்பான உலோகக் கண்ணாடிச் சட்டம், சுவாச முகமூடியின் வழவழப்பான பிளாஸ்டிக் ஆகியவை போலி மினுக்கம் தரக்கூடியவை. தினமும் விபூதி பூசும் வீடுகளில் மூக்குக்கண்ணாடியில் அந்தத் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் காலை வேளைத் தடுமாற்றங்களில் ஒன்று அப்படித்தான் தீர்ந்தது. இரவில் போடும் கண் களிம்பு காலையில் கார்னியாவின் மேல் படலமாக நிற்கும். மருத்துவர் சொன்ன முறையில் துடைத்துச் சிறிது நேரம் விட்ட பிறகே கருவியை இயக்குங்கள். சொட்டு மருந்துக்குப் பிறகும் அப்படியே.

8. அளவுத்திருத்தமும், அதைச் சரிபார்ப்பதும்

கேலிப்ரேஷன் என்று மென்பொருள் சொல்வது, திரையில் ஐந்து அல்லது ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றைப் பார்க்கும்போது கண் எப்படி இருக்கிறது என்று பதிவுசெய்யும் வேலை. காலையில் களைப்பில்லாத நேரத்தில் செய்யுங்கள். புள்ளி சிறியதாக இருந்தால் பார்வை அலைபாயும் என்பதால், அவருக்குப் பிடித்த படம் ஒன்றைப் புள்ளியாக வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அறையில் யாரும் பேச வேண்டாம். பேசுபவரின் பக்கம் கண் போய்விடும்.

முடிந்தவுடன் பச்சை நிறத்தில் மதிப்பெண் வரும். அதை நம்பி நிறுத்திவிடுவது புதியவர்கள் அதிகம் சிக்கும் பொறி. எந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டதோ, பெரும்பாலும் அதே புள்ளிகளை வைத்தே மென்பொருள் மதிப்பெண்ணும் போடுகிறது. சரிபார்ப்பு வேறு புள்ளிகளில் நடக்க வேண்டும். ஒரு வெற்றுப் படத்தில் வேறு இடங்களில் ஒன்பது புள்ளிகளை வரைந்து, முழுத் திரையில் திறந்து, பார்வைக் குறி தெரியும்படி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். குறி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அடிக்குச்சியால் அளந்து எழுதுங்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் திரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு பாகை. விளம்பரத்தில் அரைப் பாகைத் துல்லியம் என்றிருந்தால், அரை சென்டிமீட்டர் விலகல் என்று புரிந்துகொள்ளுங்கள். அதுவும் நல்ல கண், நல்ல வெளிச்சம், நிமிர்ந்த தலை என்ற நிலையில் அளந்தது.

இரண்டு பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். குறி ஓரிடத்தில் நிலையாக நின்று, ஆனால் தள்ளி நிற்பது ஒன்று; சரியான இடத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டே இருப்பது மற்றொன்று. எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் தலையோ திரையோ நகர்ந்திருக்கிறது. மறுபடி அளவுத்திருத்தம் செய்யாமல், டேப் குறிகளைப் பார்த்து இடத்தைச் சரிசெய்யுங்கள். எங்கும் நடுங்கினால் கண் வறட்சி, களைப்பு, அழுக்குக் கண்ணாடி, வெயில் என்ற வரிசையில் தேடுங்கள். கீழ் வரிசையில் மட்டும் குறி காணாமல் போனால், கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கிக் கண்பாவையை மறைக்கிறது. திரையைச் சற்று உயர்த்துங்கள். மேல் மூலைகளில் மட்டும் தவறினால், மினுக்கம் கார்னியாவின் வளைவைத் தாண்டி வெள்ளைவிழிக்குப் போயிருக்கலாம். திரையைத் தாழ்த்துங்கள், அல்லது எழுத்துப் பலகையைத் திரையின் நடுப்பகுதிக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே அமர்வில் திரும்பத் திரும்ப அளவுத்திருத்தம் செய்து அவரைக் களைக்க வைக்காதீர்கள். ஓரளவு நன்றாக வந்த பதிவுக்கு ‘பகல், கண்ணாடியுடன்’, ‘இரவு, முகமூடியுடன்’ என்று பெயரிட்டுச் சேமித்துவிட்டு, மறுநாள் மேம்படுத்துங்கள்.

9. பொத்தானின் அளவும் காத்திருப்பு நேரமும்

அளந்த எண்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. விலகல் ஒரு சென்டிமீட்டர், நடுக்கம் அரை சென்டிமீட்டர் என்றால், குறி ஒன்றரை சென்டிமீட்டர் வரை எந்தப் பக்கமும் போகலாம். எனவே பொத்தான் குறைந்தது 3 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய பொத்தான்களை வைத்துவிட்டு அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

ஒரு பொத்தானை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் அது அழுந்த வேண்டும் என்பதை முதலில் ஒன்று முதல் ஒன்றரை நொடிக்கு வையுங்கள். குறைத்தால் பார்க்கும் இடமெல்லாம் அழுந்தும். கூட்டினால் கண் வலிக்கும். பழகப் பழகச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். எதுவும் அழுந்தாத வெற்றிடம் ஒன்றும், கருவியை நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்றும் திரையில் கட்டாயம் வேண்டும். யோசிக்கும்போது கண்ணை வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா? ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது குறைந்து கண் வறளும். வறண்டால் துல்லியமும் போகும்.

10. தமிழில் எழுத

விண்டோஸின் கண் கட்டுப்பாட்டுப் பலகை ஆங்கிலத்தை மையமாகக் கொண்டது. தமிழுக்கு, பார்வையைச் சுட்டியாகப் பயன்படுத்தி, திரைப் பலகையில் தமிழ் விசைகளை அழுத்தும் வழியை நாங்கள் கையாண்டோம். விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொரு அழுத்தமும் ஒரு நொடி உற்றுப் பார்வை என்பதை மறக்காதீர்கள். தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 முறையில் ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு அழுத்தம். ரோமன் எழுத்தொலி முறையில் ஐந்து. ‘தண்ணீர்’ என்பதற்குத் தமிழ்99இல் ஆறு; ரோமன் முறையில் அதைவிட அதிகம். ஒரு நாளில் எழுதும் சொற்களோடு பெருக்கிப் பாருங்கள். அவருக்கு ரோமன் முறைதான் பழக்கம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை எழுத்து எழுத்தாக எழுத விடாதீர்கள். ‘சளி எடுங்கள்’, ‘இடது கால் வலிக்கிறது’, ‘கொசு கடிக்கிறது’, ‘டிவி சத்தத்தைக் குறை’, ‘எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்கள்’ போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் வையுங்கள். அந்தப் பட்டியலை அவரே சொல்லட்டும். விண்டோஸில் வள்ளுவர் என்னும் தமிழ்க் குரல் இருக்கிறது. அதை முன்பே நிறுவி, எழுதியது சத்தமாக ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

11. கருவியை மட்டுமே நம்பியிருக்காதீர்கள்

மூச்சுத் திணறும்போது கண் கலங்கும், தலை சரியும். அவருக்குக் குரல் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் டிராக்கர் கண்ணைத் தவறவிடும். ஆகவே அவசர அழைப்பு ஒருபோதும் கண் கருவி வழியாக இருக்கக் கூடாது. விரல் நுனி, கன்னம், கால் பெருவிரல் என்று எங்கே சிறு அசைவு மிச்சமிருக்கிறதோ அங்கே ஒரு ஸ்விட்சைப் பொருத்தி, மணியோடு இணையுங்கள். எந்த அசைவும் இல்லாதவர் என்றால், ஆள் அருகிலேயே இருப்பது தவிர வேறு வழியில்லை.

மின்வெட்டுக்கும் பழுதுக்கும் ஈ-டிரான் பலகை கட்டிலின் தலைமாட்டிலேயே தொங்கட்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது கணினியை அணைத்துவிட்டுப் பலகையில் பேசிப் பழகுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது ஸ்டாண்டைக் கொண்டுபோக முடியாது. அப்போது செவிலியருக்குப் பலகையைக் காட்டிச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

12. அந்தரங்கமும் பராமரிப்பும்

ஒருவர் எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது மிக அந்தரங்கமான தகவல். டிராக்கர் மென்பொருளை நிறுவும்போது, பயன்பாட்டுத் தகவலை நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கும் கட்டத்தில் அனுமதி மறுத்துவிடுங்கள். கண் படங்களைச் சேமிக்கும் அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். கண்ணால் கடவுச்சொல்லை அழுத்தும்போது அறையிலுள்ள எல்லாருக்கும் திரையில் அது தெரியும். எனவே வங்கிக் கணக்கை இந்தக் கணினியில் திறக்காமல் இருப்பது நல்லது. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று படித்து, வாக்கியத்தை நீங்களே முடித்து வைக்காதீர்கள். அவர் ‘பேசு’ பொத்தானை அழுத்தும் வரை அது அவருடையது.

டிராக்கரின் முகப்பை நுண்ணிழைத் துணியால் மட்டும் துடையுங்கள். கிருமிநாசினியை அதன் மீது நேரடியாகத் தெளிக்க வேண்டாம். விண்டோஸ் தானாகப் புதுப்பித்து மறுதொடக்கம் ஆகும் நேரத்தை, அவர் உறங்கும், வேறொருவர் விழித்திருக்கும் நேரமாக மாற்றியமையுங்கள். டிராக்கரின் டிரைவர் புதுப்பிப்பைத் தானாக நடக்க விடாதீர்கள். விடுமுறை நாளுக்கு முந்தைய மாலையில் செய்யவும் வேண்டாம், ஏனெனில் பழுதானால் மறுநாள் விற்பனையாளர் தொலைபேசியை எடுக்க மாட்டார். புதுப்பிக்கும் முன் சேமித்த பதிவுகளை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, ஒன்பது புள்ளிச் சோதனையின் எண்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புதுப்பித்த பின் அதே சோதனையைச் செய்து, எண்கள் மோசமாகியிருந்தால் பழைய டிரைவருக்கே திரும்பிவிடுங்கள்.